மூன்றாவது ஓலை

மூன்றாவது ஓலை வாசிக்க இன்னும் சரியாக நூற்றுப் பதினான்கு மணி நேரம் இருந்தது. கணக்குப் போட்டது ஃப்ளோரன்ஸ் இல்லை. கண்ணமங்கலத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் பிலிப் போட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, சாப்பாட்டு மணி அடித்த கையோடு போன் செய்து, "நூத்திப் பதினாலு" என்றார். பின்னால் பிள்ளைகள் தட்டோடு ஓடும் சத்தம் கேட்டது. வேறு ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார்.

ஃப்ளோரன்ஸ் போனை இடுப்பில் செருகிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள். முனியம்மாள் வீட்டுத் தறியின் முன் உட்கார்ந்திருந்தாள் அவள். நெய்து முடிந்த பாவின், அதாவது நெடுக்கு நூலின், இழை முனைகளோடு புதுப் பாவின் இழை முனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவதுதான் அவள் தொழில். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழை. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பாள். விரல்கள் மட்டும் ஓடும். மற்றபடி உடம்பு முழுக்க ஓய்வு.

"யாருடி? மாப்ளயா?" முனியம்மாள் தார் சுற்றும் ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆமாக்கா. நூத்திப் பதினாலாம்."

"இன்னாது, வெயிலா?"

"மணிக்கா. ஓலை வாசிக்கறதுக்கு."

"நாசமாப் போச்சு. அம்பது வயசு ஆவப்போவுது, ரெண்டும் மணி எண்ணிகினு கீதுங்க. எங்க தெருவுல பதினெட்டு வயசுப் பொண்ணு கூட இவ்ளோ பேஜார் பண்ணலடி."

ஓலை என்பது கிறிஸ்தவக் கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, 'இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று வாசிப்பார். பனையோலை போய்க் காகிதம் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. முதல் ஞாயிறு யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, சாமியார் வாசித்து முடித்த அதே நொடியில் பின்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. கோயிலே சிரித்தது. இன்னும் ஒன்று பாக்கி. அது முடிந்தால் அடுத்த புதன்கிழமை கல்யாணம்.

ஃப்ளோரன்ஸுக்கு நாற்பத்தொன்பது வயது. மகள் லிடியா ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கணவன் போய்ச் சேர்ந்தான். லிடியா இப்போது வேதியியல் பட்டம் வாங்கி, ஒரு சாயப்பட்டறையில் சாயம் வெளுக்கிறதா என்று சோதித்துச் சொல்கிறாள். பிலிப் அவளுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மனைவியை இழந்து ஆறு வருஷமாகத் தனியாக இருப்பவர். "அம்மா, சாருக்கு நல்லா சமைக்கத் தெரியும்" என்று ஒருநாள் லிடியா சொன்னாள். அவள் போட்ட தூது அந்த ஒரு வாக்கியம்தான். மீதியை அவர்கள் நடந்தே முடித்துக்கொண்டார்கள்.

நடந்து என்றால் நிஜமாகவே நடந்து. ஆரணியில் நாற்பதைத் தாண்டிய ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார ஓர் இடம் கிடையாது. ஓட்டலில் உட்கார்ந்தால் ஊர் பேசும். ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் ஊர் வந்து பக்கத்தில் உட்காரும். ஆனால் கையில் ஒரு பையை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதனால் பிலிப் தினமும் சாயங்காலம் கண்ணமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். ஃப்ளோரன்ஸ் பேருந்து நிலையத்தில் பையோடு நிற்பாள். இருவரும் கடைத்தெரு முழுக்க நடந்து, கோயில் வரை போய்த் திரும்புவார்கள். பிலிப் வேகமாக நடப்பவர். நடையில்தான் ஆயுள் இருக்கிறது என்பது அவர் கட்சி. எட்டு எடுத்து வைத்துப் போய், திரும்பிப் பார்த்து, இரண்டு எட்டு பின்னால் வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் அது முதன்முதலாக வந்தது. மார்புக்கு நடுவில் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போல ஓர் அழுத்தம். அங்கிருந்து இடது தோளுக்கு ஒரு கிளை. தாடைக்கு ஒரு கிளை. ஃப்ளோரன்ஸ் நின்றாள். இரண்டு நிமிஷத்தில் கல் தானாக இறங்கிவிட்டது.

மறுநாள் நாள் முழுக்கப் பாவின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமில்லை. சாயங்காலம் பிலிப் வந்தார், நடந்தார்கள், வந்தது. அதற்கு மறுநாள் அவர் வரவில்லை. வலியும் வரவில்லை. அதற்கும் மறுநாள் இருவரும் வந்தார்கள், பிலிப்பும் வலியும்.

ஃப்ளோரன்ஸ் யோசித்துப் பார்த்தாள். நெஞ்சு அடைக்கிறது, பேச்சு வரமாட்டேன் என்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அதுவும் அந்த ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முதல் கல்யாணம் பெரியவர்கள் பார்த்துச் செய்தது. அப்போது இப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ஓகோ, இதைத்தான் இத்தனை பேரும் பாட்டாகப் பாடித் தீர்க்கிறார்களா? நாற்பத்தொன்பது வயதில் எனக்கும் வந்துவிட்டதா? அன்று ராத்திரி அவள் கண்ணாடி முன் நின்று கொண்டையை இரண்டு முறை அவிழ்த்துப் போட்டாள்.

தாடை வலியை மட்டும் இதில் சேர்க்க முடியவில்லை. காதலுக்குத் தாடையில் என்ன வேலை? அது பல் என்று முடிவு செய்தாள். பல் டாக்டர் பார்த்துவிட்டு, "பல் நல்லாத்தாம்மா இருக்குது, எடுக்கவேணாம்" என்றார். ஃப்ளோரன்ஸ் விடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்று அடம்பிடித்து, பிறகு வேறொருவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் சாயங்காலம் பல் இருந்த இடம் காலியாக வலித்தது.

வலிக்கும்போது நிற்க வேண்டும். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். காதல் முற்றிவிட்டது, கொஞ்சம் நில்லுங்கள் என்று ஒரு வாத்தியாரிடம் சொல்ல முடியுமா? ஆகவே ஃப்ளோரன்ஸ் கடைகளின் முன் நின்றாள். நின்றவள் ஏதாவது விலை கேட்டாள். விலை கேட்டால் கடைக்காரன் சும்மா விடுவானா? இப்படியாக அந்த இரண்டு மாதத்தில் மூன்று பிளாஸ்டிக் பக்கெட், ஒரு முறம், எலிப்பொறி, பித்தளைக் குத்துவிளக்கு, கிரிக்கெட் மட்டை ஒன்று ஆகியவை வீடு வந்து சேர்ந்தன. ஒருநாள் கல் கொஞ்சம் சீக்கிரமே ஏறிவிட்டது. எந்தக் கடை என்று பார்க்காமல் நின்றுவிட்டாள். நிமிர்ந்தால், தொங்குவதெல்லாம் தொட்டில்.

"யாருக்கும்மா பாக்கறீங்க?" என்றான் கடைக்காரன்.

ஃப்ளோரன்ஸுக்கு மூச்சு வரவில்லை. பிலிப்பைப் பார்த்தாள். பிலிப்புக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"சும்மா... வெல கேட்டு வெச்சிக்கலாம்னு," என்றாள்.

ஒரு வாரம் ஊர் அதைப் பேசிச் சிரித்தது. முனியம்மாள் தறி வீட்டில் எல்லோர் முன்னாலும், "ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா? மாப்ள அதுக்கும் கணக்குப் போட்டிருப்பாரே," என்று கேட்டாள்.

லிடியாவுக்கு மட்டும் வேறு கவலை. "இன்னாம்மா இது, மூணாவது பக்கெட்டு? சார் வீட்ல பைப்புல தண்ணி வருதும்மா."

"இருக்கட்டும்டி."

"மட்டை?"

"சாரு வெளாடுவாரு."

"சாருக்கு அம்பத்திமூணு வயசு."

"நல்லா நடக்கறாருல்ல?" என்றாள் ஃப்ளோரன்ஸ். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நெஞ்சுப் படம் எடுக்கலாமா என்று கேட்டது பிலிப்தான். அவருடைய முதல் மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அதை அவர் ஃப்ளோரன்ஸிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொன்னபோது நடையைக் கூட நிறுத்திவிட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு பேருமே ஒரு ஈசிஜி எடுத்துக்கலாமா? இன்னொரு தபா என்னால முடியாதுங்க," என்றார்.

ஃப்ளோரன்ஸ் தப்பாக நினைக்கவில்லை. இருவரும் கடைத்தெருவை ஒட்டிய சின்ன கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் சிவசங்கரி இளம் வயதுக்காரி. ஃப்ளோரன்ஸைப் படுக்க வைத்து, கையிலும் காலிலும் கவ்வி மாட்டி, மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். அசையாமல் படுத்திருந்தாள். பாவின் முன் உட்காருவதை விடவும் சுகமாக இருந்தது. கட்டம் போட்ட காகிதம் கிறீச்சென்று வெளியே வந்தது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார். "நடக்கும்போது, மாடி ஏறும்போது, நெஞ்சுல ஏதாச்சும் அடைக்கிற மாதிரி இருக்குதாம்மா?"

பக்கத்தில் பிலிப் நின்றுகொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸ் அவரைப் பார்த்தாள். 'இருக்கிறது டாக்டர், இதோ இவரோடு நடந்தால்' என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல டாக்டர்."

"இந்தப் படத்துல எதுவும் தெரியல," என்றார் டாக்டர். பிலிப் காதில் விழுந்தது 'எதுவும் இல்லை' என்பது மட்டும்தான்.

அதற்குப் பிறகு பிலிப்பைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு காகிதங்களையும் டீக்கடை பெஞ்சில் ஒன்றன் கீழ் ஒன்றாக விரித்து, "பாருங்க, உங்க மலையும் என் மலையும் ஒரே உயரம். நாம கிறிஸ்தவங்க, ஜாதகம் கெடையாது. இதான் பத்துப் பொருத்தம்," என்றார். டீக்கடைக்காரருக்குக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் காட்டினார். பங்குச் சாமியார் ஜீவானந்தத்திடமும் கொண்டுபோய்க் காட்டினார்.

சாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதையும் சேத்து ஓலையில வாசிக்கணுமா பிலிப்பு?"

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் நடந்தார்கள். வலித்தது. ஒரு தேங்காய்த் துருவி வாங்கினாள். சந்தோஷமாகவே இருந்தாள். காகிதமே சுத்தமாக இருக்கிறதே, பிறகென்ன? காதலைக் காகிதமா காட்டும்?

புதன்கிழமை சந்தவாசலில் இருக்கும் அக்காவுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினாள். பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போதே பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஓடியாம்மா, ஜல்தி ஜல்தி!" என்றான். ஃப்ளோரன்ஸ் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள்.

ஏறிய மறுகணம் கல் வந்து உட்கார்ந்தது. தோள், தாடை, எல்லாம்.

ஃப்ளோரன்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரைப் பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அரைகுறை மீசை. காதில் பென்சில். அக்குளில் வியர்வை.

இவன் மேலேயா?

"இன்னாம்மா அப்படிப் பாக்கற? டிக்கெட்டு எங்க?"

"சந்தவாசல்," என்றாள் மூச்சு வாங்க. அவனை மறுபடி ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். இல்லை. நிச்சயமாக இல்லை.

பஸ் கண்ணமங்கலம் பக்கமே போகவில்லை. பிலிப் அங்கே எட்டாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். ஃப்ளோரன்ஸ் சீட்டில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டாள். கல் இறங்கியது.

சந்தவாசலில் இறங்கியதும் அவள் ஒரு காரியம் செய்தாள். அக்கா வீடு கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. வேண்டுமென்றே வேகமாக நடந்தாள். பாதி மேட்டில் வந்துவிட்டது. நின்றாள், போய்விட்டது. மறுபடி நடந்தாள், வந்துவிட்டது. அந்தத் தெருவில் ஆள் அரவமே இல்லை. ஒரு செவலை நாய் மட்டும் அவளைப் பார்த்து வாலாட்டியது.

"உன் மேலயும் இல்ல, போ," என்றாள் நாயிடம்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. அந்த மேட்டில், பட்டப்பகலில், முதன்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

வியாழக்கிழமை பிலிப்புக்குப் பள்ளியில் ஏதோ கூட்டம். ஃப்ளோரன்ஸ் தனியாக டாக்டர் சிவசங்கரியைப் பார்க்கப் போனாள்.

"எங்க பக்கத்து வீட்டம்மாவுக்கு டாக்டர்," என்று ஆரம்பித்தாள். "நடந்தா நெஞ்சு வலிக்குதாம். நின்னா நின்னுடுதாம். ஆனா ஈசிஜி எடுத்துப் பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லன்னுட்டாங்களாம். அப்ப ஒண்ணும் இல்லதானே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஈசிஜி படுத்துகினு இருக்கும்போதுதானே எடுத்தாங்க?"

"ஆமா. நல்லா படுத்துகினு."

"அதான். நெஞ்சுக்கு ரத்தம் போற குழாய் பாதிக்கு மேல அடைச்சிருந்தாக் கூட, படுத்துகினு இருக்கிற ஆளுக்கு மீதி குழாய் போதும்மா. படம் அழகா வரும். நடந்தா, ஓடினா நெஞ்சுக்கு ரத்தம் ஜாஸ்தி வேணும். அப்பதான் பத்தாது, அப்பதான் வலிக்கும். நடக்க வெச்சி எடுக்கிற படம் தனியா இருக்குது. தேவைப்பட்டா குழாய்க்குள்ள மருந்து விட்டே பாப்பாங்க. பாத்துட்டா சரி பண்ணலாம். பாக்காம உட்டாத்தான் ஆபத்து. அந்தம்மாவுக்கு வயசு என்ன?"

"நாப்பத்தொம்போது."

"உங்களுக்கு?"

ஃப்ளோரன்ஸ் கொஞ்சம் யோசித்தாள். "நாப்பத்தெட்டு."

டாக்டர் மேஜை மேல் இருந்த பழைய சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பக்கத்து வீட்டம்மா இப்ப வாசல்ல நிக்கறாங்களா? உள்ள கூப்பிடுங்களேன்."

"ஊருக்குப் போயிருக்காங்க டாக்டர்."

"எந்த ஊரு?"

"வெம்பாக்கம்."

"நடந்தா போனாங்க?"

"பஸ்ல."

"ஃப்ளோரன்ஸம்மா," டாக்டர் குரல் இறங்கிவிட்டது. "தனியா வெச்சிகினு இருக்கிற விஷயம் இல்ல இது. வீட்டுல யாருக்காச்சும் சொல்லி, கூட்டிகினு வரச் சொல்லுங்க. வேலூருக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் ஓடவேணாம், மேடு ஏறவேணாம். நின்னும் வலி நிக்கலன்னா அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ். சொல்லிடுவீங்களா அந்தம்மாகிட்ட?"

"சொல்லிடறேன்," என்று ஃப்ளோரன்ஸ் எழுந்துகொண்டாள். வெளியே வந்து, பத்துத் தப்படி நடந்து, ஒரு கடை முன் நின்றாள். அந்தக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்றார்கள். இரண்டு மூன்றை மாட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

யாரிடம் சொல்வது? லிடியாவிடம் சொன்னால் அன்றைக்கே வேலூருக்கு இழுத்துக்கொண்டு போவாள். போகட்டும், அது நல்லதுதான். ஆனால் பிலிப்புக்குத் தெரிந்துவிடும். துணி காயப்போடும்போது உட்கார்ந்த அந்த அம்மாவை நினைத்து இன்னமும் நடு வழியில் நின்றுவிடுகிற மனிதர் அவர். இன்னொரு தபா முடியாது என்று வாய்விட்டுச் சொன்னவர். தெரிந்தால் விலகிக்கொள்வார். விலகாவிட்டால் அதைவிட மோசம், தினமும் பயந்து செத்துக்கொண்டிருப்பார். எப்படியும் அந்தச் சிரிப்பு போய்விடும். புதன்கிழமை வரை, புதன்கிழமை வரை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். பிடுங்கியது போக மீதிப் பல் இருக்கிறதே.

ஆனால் புதன்கிழமை வரை இருப்பேனா என்றும் அவளுக்கு ஓடியது. இருந்துவிட்டு வியாழக்கிழமை அவர் வீட்டுக் கொடியடியில் உட்கார்ந்துவிட்டால்?

சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு சனிக்கிழமை பேருந்து நிலையத்துக்குப் போனாள். பிலிப் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினார்.

"ஒரு சேதி இருக்குது," என்றார்.

"எனக்கும் ஒண்ணு இருக்குது சார்." அவரை அவள் இன்னமும் சார் என்றுதான் கூப்பிட்டாள். லிடியா சொல்லிச் சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டது.

"நான் மொதல்ல. காரு வேணாம்னு சொல்லிட்டேன்."

"எந்தக் காரு?"

"கல்யாணத்தன்னிக்கு. கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் நாம நடந்தே போறோம். முன்னாடி பேண்டு. இந்தக் கடைத்தெரு முழுக்க. இத்தன நாளா ஒரு பையைத் தூக்கிகினு, அண்ணன் தங்கச்சி மாதிரி நடந்தோமே? அன்னிக்குக் கையைப் புடிச்சிகினு நடப்போம். எந்தக் கடைக்காரன் இன்னா சொல்றான்னு பாத்துடலாம்!"

சொல்லிவிட்டு எட்டு எடுத்து வைத்துப் போனார். திரும்பிப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் வந்தார். முகம் பத்தாம் வகுப்பில் நூறு வாங்கிய பையனின் முகம் போல இருந்தது.

"உங்க சேதி?"

ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்தாள். கல் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என்ன கடை என்று திரும்பினாள்.

"பக்கெட்டு ஒண்ணு வாங்கணும்," என்றாள்.

பிலிப் விழுந்து விழுந்து சிரித்தார். "நாலு பக்கெட்டா? அந்தத் தொட்டில்காரன் நெனச்சது நெசந்தான் போல!"

பச்சை நிறத்தில் ஒன்று வாங்கிக்கொண்டார்கள். பிலிப் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்தார். பஸ் ஏறும் முன், யாருக்கும் கேட்காதபடி குனிந்து சொன்னார். "ஆறு வருஷமா ராத்திரியில தூக்கம் புடிக்காதுங்க. இப்ப அந்த ரெண்டு பேப்பரையும் தலைமாட்டுல வெச்சிகினு தூங்கறேன்."

ஃப்ளோரன்ஸ் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிப் பூசை. லிடியாவின் ஸ்கூட்டரில் கிளம்பியவர்கள் பாதி வழியில் இறங்க வேண்டியதாயிற்று. பின்சக்கரத்தில் காற்றே இல்லை. ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. "நீ நடந்து போய்க்கினே இரும்மா, ஓலை வாசிக்கும்போது பொண்ணு இல்லன்னா நல்லா இருக்காது. நான் இத்த தள்ளிகினு போய் பஞ்சர் கடையில உட்டுட்டு வரேன்," என்றாள் லிடியா.

ஃப்ளோரன்ஸ் நடந்தாள். மெல்லத்தான் நடந்தாள். டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் கோயில் மணி இரண்டாம் முறை அடித்ததும் கால் அதுவாகவே வேகம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கடையும் திறக்கவில்லை. இறக்கிய இரும்புக் கதவுகளின் முன் நின்று நின்று நடந்தாள். ஒரு கிழவர், "கடை தொறக்க பத்து மணி ஆவும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பங்குக் கோயிலில் ஓலையைப் பிரசங்கத்துக்கு முன்பே வாசித்துவிடுவார்கள். கடைசியில் வாசித்தால் பாதிப் பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று சாமியார் ஜீவானந்தம் அனுபவத்தில் கண்டுகொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸ் படியேறி உள்ளே நுழைந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் ஒலிபெருக்கியின் முன் காகிதத்தோடு நின்றார். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் பிலிப், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், கழுத்தைத் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

பெண்கள் பக்கத்தில் முன்னால்தான் இடம் இருந்தது. நடுவழியில் நடந்தாள். பாதி தூரம் போவதற்குள் கல் வந்து உட்கார்ந்தது. இன்று இரண்டு கல். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. கோயிலுக்குள் விலை கேட்க ஒரு கடையும் இல்லை. ஃப்ளோரன்ஸ் அப்படியே நின்றாள்.

"...இவர்கள் திருமணத்துக்கு இது மூன்றாவது ஓலை. தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." சாமியார் வாசித்து முடித்து நிமிர்ந்தார். அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிற கோயிலில், நட்ட நடுவே, தன்னந்தனியாக மணப்பெண் நின்றுகொண்டிருந்தாள்.

சாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இன்னா ஃப்ளோரன்ஸம்மா, பொண்ணே எழுந்து நிக்குது? தடை ஏதாச்சும் சொல்லணுமா?"

ஒலிபெருக்கி அதைத் தெருவரைக்கும் கொண்டுபோனது. கோயில் குலுங்கிச் சிரித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "பக்கெட்டு பத்தலயாம் சாமி!" என்றது. இன்னும் சிரிப்பு. பாடகர் குழுப் பிள்ளைகள் ஆர்மோனியத்தின் மேலேயே விழுந்தார்கள். பிலிப்பும் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் கல் இறங்கிவிடும். அவளும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிடலாம். மூன்று ஓலையும் முடிந்துவிடும். புதன்கிழமை பேண்டு வாசிப்பார்கள்.

பிலிப்பின் சிரிப்பு மெல்ல நிற்பதை அவள் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மார்பின் மேல் இருந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குது சாமி," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒவ்வொன்றாக அணைந்தது. பிலிப் எழுந்து வந்துவிட்டார். ஓடி வந்தார். கோயிலில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் எல்லாம் மறந்து அவள் முழங்கையைப் பிடித்தார்.

"இன்னாச்சுங்க?"

"சார், டாக்டரம்மா அன்னிக்குக் கேட்டாங்கல்ல, நான் இல்லன்னு சொன்னேன்ல," என்றாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது பொய் சார். நீங்க கூட நடந்து வர்றதால, உங்களாலதான் அப்படி ஆவுதுன்னு நெனச்சிகினு இருந்தேன். வெக்கமா இருந்துச்சு. சொல்லல."

"எப்படி ஆவுது?"

கோயில் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நடந்தா நெஞ்சு வலிக்குது சார். ரெண்டு மாசமா. நீங்க இல்லாதப்பவும் வலிக்குது."